தோட்டத்து ஊரில் ஒரு ரோபோ குழு: பெற்றோரும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில், பழைய பெயரில் சொன்னால் பத்தாங் பெர்ஜுந்தையில், சனிக்கிழமைதோறும் மாணவர்கள் ஒரு மண்டபத்தில் கூடி ரோபோ செய்கிறார்கள். நான் அவர்களுடைய பயிற்றுநர். என் அப்பா செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் வளர்ந்த நான், பின்னாளில் தொழிற்சாலையில் அளவைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனேன். கோயில் திருவிழாவிலும், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும், மளிகைக் கடை வாசலிலும் நின்றபடி பலர் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு இங்கே நிதானமாகப் பதில் எழுதுகிறேன்.

குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?

இடைநிலைப்பள்ளியில் ஒன்றாம் படிவம் முதல் ஐந்தாம் படிவம் வரை படிக்கும் பிள்ளைகள்தாம் குழு. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை படிக்கும் சிறுவர்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ள வருகிறார்கள். பெரியவர்கள் மூன்று பேர்: நான், வீடுகளுக்கு வயரிங் செய்யும் ஓர் அண்ணன், பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. எங்கள் மூவருக்கும் ஒரு விதி உண்டு. ரோபோவை நாங்கள் தொடக்கூடாது. கேள்வி கேட்கலாம், திருப்புளியைப் பிள்ளைகள்தாம் பிடிக்க வேண்டும்.

ரோபோ என்றால் மனிதனைப் போல நடக்க வேண்டாமா?

வேண்டியதில்லை. சுற்றியுள்ளதை உணர்வது, அதைக் கொண்டு முடிவெடுப்பது, முடிவுக்கு ஏற்பச் செயல்படுவது ஆகிய மூன்றையும் தானாகச் செய்யும் எந்திரத்தையே நாங்கள் ரோபோ என்கிறோம். புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதல் நாளில் கேட்பது, "உங்கள் வீட்டு ரைஸ் குக்கர் ரோபோவா?" என்பதுதான். பானையில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பகுதியின் வெப்பம் 100 பாகைக்கு அருகிலேயே நிற்கும். தண்ணீர் வற்றியதும் வெப்பம் அதைத் தாண்டி ஏறும். அப்போது அடியிலுள்ள ஒரு துண்டு தன் காந்தத் தன்மையை இழக்க, விசை விடுபட்டு மின்சாரம் நின்றுவிடும். அது உணர்கிறது, செயல்படுகிறது. ஆனால் முடிவெடுக்கிறதா? இந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் விவாதம் நடக்கும். விடையை நான் சொல்வதில்லை. வீட்டுக்குப் போய்ப் பானையைத் தூக்கி அடியில் பார்க்கும் பிள்ளை அடுத்த வாரமும் வருகிறது என்பதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன்.

என் மகன் கணிதத்தில் பின்தங்கியவன். அவன் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். தேர்வு வைத்து யாரையும் எடுப்பதில்லை.

கணக்கு இங்கே எப்படி வருகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எங்கள் ரோபோவில் ஒலி உணரி (சென்சார்) ஒன்று இருக்கிறது. மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளக்கும். ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் போகும். போய்த் திரும்ப நூற்றில் ஒரு பங்கு விநாடி ஆனால், ஒலி கடந்த தூரம் 3.4 மீட்டர், சுவர் இருப்பது 1.7 மீட்டரில். ஏன் இரண்டால் வகுக்க வேண்டும் என்று தாளில் கேட்டபோது விழித்த பையன், ரோபோ சுவரில் போய் மோதியதும் "போகவும் வரவும் சேர்த்துக் கணக்குப் பண்ணிவிட்டேன்" என்று தானே சொன்னான். மதிப்பெண் உடனே ஏறிவிடும் என்று நான் உறுதி தரமாட்டேன். வகுத்தல் எதற்கு என்ற கேள்வி அவனுக்குத் தீர்ந்துவிட்டது; அதற்கு நான் சாட்சி.

எவ்வளவு செலவாகும்? லெகோ பெட்டி வாங்க எங்களால் முடியாதே.

எங்களாலும் முடியவில்லை. ரோபோ கட்டுவதற்காகப் போட்டிகளில் பரவலாகப் பயன்படும் லெகோ கல்விப் பெட்டிகளின் விலை ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்). எங்களிடம் இருக்கும் ஒன்று நன்கொடையாக வந்தது.

அன்றாடப் பயிற்சிக்கு, நிரல் எழுதி இயக்கக்கூடிய அர்டுயினோ வகைச் சிறு மின்சுற்றுப் பலகைகளே போதும். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், மாணவர்களுக்கு மலிவாகக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு உருவாக்கப்பட்டது அர்டுயினோ. அதன் வடிவமைப்பை எல்லாருக்கும் திறந்து வைத்தார்கள். அதனால்தான் அதைப் போன்ற பலகைகளை யாரும் செய்து குறைந்த விலைக்கு விற்க முடிகிறது. பலகை, இரண்டு மோட்டார், சக்கரம், ஒலி உணரி, பேட்டரிப் பெட்டி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ நூறு வெள்ளியில் ஒரு சிறு வண்டி தயாராகிவிடும். அதையும் நான்கு பிள்ளைகள் பகிர்ந்துகொள்கிறார்கள். பெற்றோரிடம் பணம் வாங்குவதில்லை.

பழைய பிரிண்டர் ஒன்று கிடைத்தால் எங்களுக்குத் தீபாவளி. உள்ளே மோட்டார்கள், பற்சக்கரங்கள், நேரான இரும்புக் கம்பிகள், பெல்ட் எல்லாம் இருக்கும். புதிய பெட்டியைத் திறப்பதைவிடப் பழையதைப் பிரிப்பதில்தான் பிள்ளைகள் அதிகம் கற்கிறார்கள் என்பது என் கருத்து. ஒருவர் யோசித்துச் செய்ததை இன்னொருவர் பின்னோக்கிப் படிக்கும் வேலை அது.

சனிக்கிழமைகளில் உண்மையில் என்ன நடக்கிறது?

பெரும்பாலும் ரோபோ சொன்னபடி கேட்காது. ஏன் கேட்கவில்லை என்று கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகும்.

ஒரு நாள், தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் வண்டி காலை முழுவதும் அழகாக ஓடியது. மாலை நான்கு மணிக்கு மேல் ஒரே இடத்தில் மட்டும் கோட்டை விட்டு விலகியது. பிள்ளைகள் நிரலை மாற்றினார்கள், சக்கரத்தைத் துடைத்தார்கள், பேட்டரியை மாற்றினார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆறாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி எழுந்து போய் மேற்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். வண்டி நேராக ஓடியது. அந்த உணரி அகச்சிவப்பு ஒளியைத் தரையில் வீசி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்கும். வெள்ளைத் தரை அதிகம் திருப்பும். கறுப்புக் கோடு விழுங்கிவிடும். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு ஏராளமாக இருக்கிறது. ஜன்னல் வெயில் விழுந்த இடத்தில் கோடு எது, தரை எது என்று உணரிக்குத் தெரியவில்லை. அவளுக்கு அகச்சிவப்பு என்ற சொல்லே அன்றுதான் தெரியும். வெயில் நகர்ந்ததை மட்டும் அவள் பார்த்திருந்தாள். பார்த்ததைச் சந்தேகப்பட்டு, ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தாள். அறிவியல் என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொரு வாரம் மின்மினி செய்தோம். சிலாங்கூர் ஆற்றோரம் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மினுக்குவதை நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் பார்த்திருக்கிறார்கள். தலைவன் என்று யாரும் அங்கே இல்லை. ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்து ஒளியைப் பார்த்துத் தன் தாளத்தைச் சற்றுத் திருத்திக்கொள்கிறது. மைக்ரோபிட் என்ற சிறு பலகைகளில் இதைச் செய்து பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் 25 சிறு விளக்குகளும், பக்கத்துப் பலகையோடு பேச வானொலியும் உண்டு. பிரிட்டனில் 2016-இல் ஏறத்தாழ 10 லட்சம் மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்ட பலகை இது. மண்டபத்து விளக்கை அணைத்ததும் எட்டுப் பலகைகள் தாறுமாறாக மினுக்கத் தொடங்கி, மெல்ல மெல்ல ஒன்றுசேர்ந்தன. யாரும் பேசவில்லை. எனக்கும் பேச வரவில்லை.

பெரிய மாணவர்களே ஏன் சொல்லித் தருகிறார்கள்? படித்த ஆசிரியர்கள் சொல்லித் தரக்கூடாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நான் அதிகம் எழுத விரும்புவதும் இதைப் பற்றித்தான்.

தொடக்கத்தில் நான்தான் தமிழ்ப்பள்ளிகளுக்குப் போய்ப் பேசினேன். ரோபோவை ஓட்டிக் காட்டுவேன், பிள்ளைகள் கைதட்டுவார்கள். அதோடு முடிந்துவிடும். மந்திர வித்தையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவதைப் போலத்தான் போனார்கள். ஒருமுறை எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், அதே பள்ளியில் படித்துப் போயிருந்த இரண்டாம் படிவ மாணவியைப் பேசச் சொன்னேன். அவள் பேச்சில் திக்கல் இருந்தது. ஓட்டிக் காட்டிய ரோபோ பாதியில் நின்றும் போனது. அவள் குனிந்து உட்கார்ந்து, கழன்ற கம்பியைத் தேடிச் செருகி, மறுபடி ஓட்டினாள். பேசி முடித்ததும் ஐந்தாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி கைதூக்கினாள். ரோபோவைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. "அக்கா, நீங்கள் எந்தத் தாமான்?" என்று அக்காவின் குடியிருப்பைக் கேட்டாள். இவள் சொன்னாள். "எங்கள் வீட்டுக்குப் பின்வரிசை!" என்றாள் அவள். அடுத்த சனிக்கிழமை அந்தப் பள்ளியிலிருந்து மூன்று சிறுமிகள் வந்தார்கள்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கியது. அறிவியல் எங்கோ நகரத்தில், யாரோ செய்வது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பின்வரிசை அக்கா கையில் திருப்புளி இருப்பதைப் பார்த்தால்தான் அது தங்களுக்கும் உரியது என்று தோன்றுகிறது. அந்த அக்கா திக்கியதும், ரோபோ நின்றதும், அவள் அதைச் சரிசெய்ததும் கூட அவர்களுக்குத் தேவையான காட்சிதான். வெளியிலிருந்து வரும் நிபுணர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் இதைத் தர முடியாது.

சொல்லித் தருபவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. நான்காம் படிவ மாணவன் ஒருவன் சிறு விளக்கோடு மின்தடையை (ரெசிஸ்டரை) சேர்த்துப் பொருத்தக் கற்றுத் தந்தான். "அண்ணா, இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று ஒரு பொடியன் கேட்டான். அண்ணனுக்குச் சூத்திரம் மனப்பாடம், விளக்கம் தெரியவில்லை. சற்று யோசித்துவிட்டு, "வா, எடுத்துவிட்டுப் பார்ப்போம்" என்றான். விளக்கு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து கருகியது. சில காசு விலையுள்ள அந்த விளக்கால், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது ஏன் அவசியம் என்று இருவருக்கும் சேர்ந்தே புரிந்தது. அன்றிரவு அவன் இயற்பியல் புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்ததாக அவன் அம்மா சொன்னார்.

எந்தப் போட்டிகளுக்குப் போகிறீர்கள்?

இரண்டு வகைப் போட்டிகளை மனத்தில் வைத்துப் பயிற்சி செய்கிறோம்.

ஒன்று, உலக ரோபோ ஒலிம்பியாட். 2004-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 2012-இல் அதன் அனைத்துலக இறுதிச்சுற்று நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. ஓர் அணியில் இரண்டு அல்லது மூன்று மாணவர்கள். எனக்குப் பிடித்த அம்சம், போட்டியன்று காலையில் அறிவிக்கப்படும் திடீர் விதி. மாதக்கணக்கில் மனப்பாடம் செய்த தீர்வு அதற்கு உதவாது. போட்டி நேரத்தில் பயிற்றுநர் உதவவும் கூடாது.

மற்றொன்று, ஃபர்ஸ்ட் லெகோ லீக். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பின் போட்டி இது. மேசைமேல் ரோபோவுக்குக் கிடைப்பது இரண்டரை நிமிடம்தான். ஆனால் ரோபோவின் ஓட்டத்துக்கு மொத்த மதிப்பில் கால் பங்கே. அதை எப்படி வடிவமைத்தார்கள், ஒரு சமூகப் பிரச்சினைக்கு என்ன தீர்வு தேடினார்கள், ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொண்டார்கள் என்பவற்றுக்கும் கால் கால் பங்கு. எதிரணிக்கு ஒரு பாகம் குறைந்தால் கொடுத்து உதவுவதுதான் அங்கே மரபு.

தோற்றுப் போனால் பிள்ளைகள் மனம் உடையாதா?

உடையும். அழுவார்கள். ஒருமுறை போட்டிக்குப் புறப்பட்ட வேன் வழியில் நின்று, தாமதமாகப் போய்ச் சேர்ந்து, ஒரு சுற்றை இழந்தோம். திரும்பும் வழியில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டே அடுத்த ஆண்டுக்கான பட்டியலைப் பிள்ளைகளே எழுதத் தொடங்கினார்கள்.

பெண் பிள்ளையை அனுப்பத் தயக்கமாக இருக்கிறது.

உங்கள் தயக்கம் பாதுகாப்பைப் பற்றியது என்றால், அது நியாயமானது. மண்டபக் கதவு திறந்தே இருக்கும், ஆசிரியை எப்போதும் உடன் இருப்பார், ஆறு மணிக்குமேல் யாரும் தங்குவதில்லை, எந்தத் தாயும் எந்நேரமும் வந்து உட்காரலாம்.

"பெண்ணுக்கு எதற்கு மோட்டார்" என்பது தயக்கமானால், நான் உடன்படவே மாட்டேன். விடிவதற்குமுன் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டி, வாளி சுமந்து, மருந்தடித்து இந்த நாட்டின் தோட்டங்களைத் தாங்கிய பெண்களின் பேத்திகள் இவர்கள். அந்தக் கைகளுக்குத் திருப்புளி கனமில்லை. சிறு குழுக்களில் பையன்கள் ரோபோவைக் கட்ட, பெண்கள் குறிப்பெழுதுவதும் படம் வரைவதும் தானாக நடந்துவிடுகிறது. அதனால் எங்களிடம் வேலைகள் வாரம்தோறும் சுழற்சி முறையில் மாறும்.

தமிழில் சொல்லித் தருகிறீர்களா? பிறகு மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் மாறும்போது சிரமமாக இருக்காதா?

விளக்கம் தமிழில். நிரலின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில். பள்ளிப் பாடத்துக்குத் தேவையான மலாய்ச் சொல்லையும் பலகையில் பக்கத்திலேயே எழுதிவிடுவோம். உணரி, மின்சுற்று, பற்சக்கரம் என்று தாய்மொழியில் ஒருமுறை புரிந்த பொருளுக்கு இன்னும் இரண்டு பெயர் கற்பது பிள்ளைக்குப் பாரமில்லை. புரியாத பொருளுக்கு மூன்று மொழியிலும் பெயர் தெரிந்து என்ன பயன்?

தோட்டத்து ஊருக்கும் ரோபோவுக்கும் என்ன தொடர்பு?

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம் பக்கத்தில்தான் உருவானது. பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் நட்டார். ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றிய பயிர் தொடங்கிய மண்ணில் பிறந்த பிள்ளை, தன் ஊரில் அறிவியல் இல்லை என்று எண்ணிக்கொண்டு வளரக்கூடாது.

பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் இங்கே செம்பனைப் பூக்களுக்குத் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவினார்கள். லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி மலாயாவிலிருந்து கேமரூனுக்கு மாற்றலாகிப் போனார். அங்கே யாரும் தூவாமலே குலைகள் நன்றாகக் காய்ப்பதைக் கண்டு, "இங்கே மட்டும் எப்படி?" என்று கேட்டார். பூக்களில் மொய்த்த சிறு கூன்வண்டுகள்மேல் அவருக்குச் சந்தேகம். பின்னர் ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் ஆராய்ந்து அதை உறுதிசெய்தார். 1981-இல் அந்த வண்டுகள் மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டன. கையால் தூவும் வேலை முடிவுக்கு வந்தது. காற்றுதான் மகரந்தத்தைச் சுமக்கிறது என்று அதுவரை பலர் நம்பியிருந்தார்கள்.

எங்கள் குழு சமூகப் பிரச்சினை ஒன்றைத் தேடியபோது, அறுவடை செய்பவர்களிடம் போய்க் கேட்டது. இன்று அவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நீண்ட கோலில் கட்டிய அரிவாளால் குலையை வெட்டுவதைவிட, கீழே சிதறும் உதிரிப் பழங்களைக் குனிந்து பொறுக்குவதில்தான் முதுகு போகிறது என்றார்கள். பிள்ளைகள் மோட்டார் வைத்த பொறுக்கும் வண்டி செய்தார்கள். அது பழத்தோடு கல்லையும் காய்ந்த ஓலையையும் அள்ளிச் சிக்கிக்கொண்டது. மூன்றாம் மாதம் மோட்டாரைக் கழற்றிவிட்டு, நின்றபடி உருட்டக்கூடிய கம்பிக்கூண்டு ஒன்றைச் செய்தார்கள். பழம் கம்பிகளுக்கிடையே நுழைந்து உள்ளே தங்கியது. தோட்டத்தில் கொடுத்துப் பார்த்தபோது ஒரு தொழிலாளி அதைத் திருப்பித் தரவில்லை. தன்னிடமே இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த ஆண்டு எங்களுக்குக் கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. எனக்கு அந்த ஆண்டின் நினைவே அதிகம் இனிக்கிறது.

படிப்பு கெட்டுவிடாதா? ஐந்தாம் படிவ முடிவில் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு இருக்கிறதே?

ஐந்தாம் படிவ மாணவர்கள் ஆண்டின் பிற்பகுதியில் ஒதுங்கிக்கொள்ளலாம், நாங்களே அனுப்பிவிடுவோம். டியூஷன் இருக்கும் வாரம் வராமலும் இருக்கலாம்.

ஆனால் நான்காம் படிவத்தில் பாடம் தேர்ந்தெடுக்கும் தருணத்தைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். அறிவியலுக்கு 60, கலைக்கு 40 என்ற விகிதத்தை இந்நாடு 1967-இல் வகுத்து, 1970 முதல் கொள்கையாக வைத்திருந்தும் அந்த இலக்கு எட்டப்படவில்லை. நல்ல மதிப்பெண் இருந்தும் "அறிவியல் கஷ்டம்" என்ற பயத்தால் விலகும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ரோபோவோடு பழகிய பிள்ளைக்கு அந்தப் பயம் குறைகிறது. மற்றபடி, அறிவியல் பாடங்கள் எல்லாருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன்.

இதனால் வேலை கிடைக்குமா?

சான்றிதழைக் காட்டி வேலை வாங்க முடியாது. தொழிற்கல்லூரி, பாலிடெக்னிக், மெட்ரிகுலேஷன், பல்கலைக்கழகம் என்று எந்த வழியில் போனாலும் கைப்பழக்கம் உதவும். எங்களிடமிருந்து போனவர்களில் ஒருத்தி மின்னியல் படிக்கிறாள், ஒருவன் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறான். இருவரைப் பற்றியும் எனக்குப் பெருமைதான்.

எங்கள் பள்ளிக்கு வந்து செய்து காட்டுவீர்களா?

வருவோம். ஒரு வகுப்பறையும் இரண்டு மின்செருகிகளும் போதும். பெரிய கூட்டம் வேண்டாம். இருபது பிள்ளைகள் என்றால் ஒவ்வொருவர் கையிலும் ஏதாவது கொடுக்கலாம். இயன்றவரை அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவரை அழைத்து வருவோம்.

எப்போது வரலாம்? என்ன கொண்டு வர வேண்டும்?

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. மூடிய காலணி, தண்ணீர் போத்தல், ஒரு நோட்டுப் புத்தகம். தலைமுடி நீளமாக இருந்தால் கட்டிக்கொண்டு வர வேண்டும். வீட்டில் பழுதான பொம்மைக் காரோ, மின்விசிறியோ, பிரிண்டரோ இருந்தால் வீசிவிடாமல் கொடுத்தனுப்புங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் குழாய் வைத்த பழைய தொலைக்காட்சியும் மட்டும் வேண்டாம். செருகியைப் பிடுங்கிய பிறகும் அவற்றுக்குள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். அவற்றை வீட்டிலும் பிள்ளைகள் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.